யானை வந்தால் தெரியும்

உங்கள் வீட்டில் யாராவது தியானம் செய்கிறார்களா? அப்படியானால் அவருடைய தியானம் எப்படிப் போகிறது என்று அவரிடம் கேட்காதீர்கள். வீட்டில் மற்றவர்களைக் கேளுங்கள். உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

என் விஷயத்தில் என் மனைவி சொன்னதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நீங்க தியானம் பண்ணாத அன்னிக்குத்தான் வீடு அமைதியா இருக்கு."

கோபத்தில் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, 'மழை வர்ற மாதிரி இருக்கு' என்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

சமாச்சாரம் இதுதான். சில வருஷங்களாகக் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை கண்ணை மூடி உட்காருகிறேன். ஆரம்பத்தில் பத்து நிமிஷம், அப்புறம் இருபது. ஒரு மணி நேரம் என்று ஆனபோது, கூடவே வீட்டில் சட்டதிட்டங்களும் வளர்ந்துவிட்டன. அந்த நேரத்தில் குக்கர் வைக்கக் கூடாது. மிக்ஸி கூடவே கூடாது. பால்காரர் பெல் அடிக்காமல் பையில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். ஸ்கூலுக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் பீரோ கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால், கண்ணைத் திறக்காமலே 'ச்சு' என்பேன். அந்த 'ச்சு'வில் எவ்வளவு விஷம் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

இந்த ஊரடங்குக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் என் அப்பா. வயது எண்பத்திரண்டு. பழைய கதையெல்லாம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. முதல் சம்பளம் எவ்வளவு, கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுத்த கேஷியர் பெயர் என்ன, எல்லாம் சொல்வார். ஐந்து நிமிஷம் முன்னால் கேட்ட கேள்விதான் தங்குவதில்லை. காலையில் எழுந்ததும் அவருக்கு இருக்கிற ஒரே கவலை, பேப்பர்.

ஒரு நாள் நான் உட்கார்ந்திருந்த அறைக் கதவைத் திறந்து, "பேப்பர் வந்துடுச்சாடா?" என்றார். நான் பதில் பேசவில்லை. சாத்திவிட்டுப் போனார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கதவு. "பேப்பர் வந்துடுச்சாடா?" அன்றைக்கென்று மனசு அபாரமாகக் கூடியிருந்தது. மூச்சு நூல் மாதிரி மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை கதவு திறந்தபோது கத்திவிட்டேன். "ஒரு மணி நேரம் மனுஷனை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களா?" இதற்கு மேலும் இரண்டு வாக்கியம் கத்தினேன். எழுதக் கூசுகிறது.

அடுத்த நாளிலிருந்து தொந்தரவு இல்லை. அப்பா மறந்துவிட்டார், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கீரை ஆய்ந்த அன்றுதான் மனைவி மீதியையும் சொன்னாள். அப்பாவுக்குக் கால் எரிச்சல். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்தச் செருப்பு 'டப் டப்' என்று சத்தம் போடும் என்பதால், விடிகாலையில் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்தபடி பால்கனிக்குப் போய், ஆறரை வரை இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

பேப்பர் வந்ததா என்று கேட்டது மறந்துபோகிற மனிதருக்கு, மகன் கத்தியது மறக்கவில்லை.

* * *

தியானம் செய்தால் கோபம் குறையும் என்றல்லவா சொன்னார்கள்? எனக்கு ஏன் கூடியது? இந்தக் கேள்வியோடுதான் கண்டிக்குப் பக்கத்தில், மலைமேல் இருந்த ஒரு தியான மையத்துக்குப் பத்து நாள் போனேன். கேள்வியோடு போனேன் என்பது பாதி உண்மை. 'நீ நன்றாகத்தான் செய்கிறாய், உன் வீடுதான் சரியில்லை' என்று யாராவது சர்டிபிகேட் தருவார்களா என்ற நப்பாசையும் இருந்தது.

ஒன்று விட்டு ஒரு நாள் அங்கிருந்த வயதான பிக்குவைத் தனியாகப் பார்த்து, உட்கார்ந்த கதையைச் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் பெருமையோடு ஆரம்பித்தேன்.

"இன்று ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, சுவாமி."

"நேரம் போனது தெரியவில்லையா, எதுவுமே தெரியவில்லையா?"

"எதுவுமே."

"சரி. கடைசியாக உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மூச்சு, உள்ளே போன மூச்சா, வெளியே வந்த மூச்சா?"

முழித்தேன். 

"திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது எது? உடம்பா, சத்தமா, மூச்சா?"

அதுவும் தெரியவில்லை. மணி அடித்தது மட்டும் தெரியும்.

அவர் சிரித்தார். "உடம்பு இங்கேதான் உட்கார்ந்திருந்தது. நானே பார்த்தேன். நீங்கள் எங்கே போயிருந்தீர்கள்? இதைத் தலையணை இல்லாமல் தூங்குவது என்று வைத்துக்கொள்ளலாம்" என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். பழைய பௌத்த நூல்களில் அசஞ்ஞ சத்தர் என்று ஒருவகை தேவர்கள் வருகிறார்கள். நினைவே இல்லாதவர்கள். உடம்பு மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் ஓடாது. யுகக்கணக்கில் அப்படியே கிடப்பார்கள். ஒரு நாள் ஒரே ஒரு நினைவு எழும். எழுந்த அந்தக் கணமே அந்த உலகத்திலிருந்து பொத்தென்று விழுந்துவிடுவார்கள். பழைய குணம், பழைய கோபம் எதுவும் மாறியிருக்காது. 

"மணி அடித்ததும் விழுகிற தேவர் நீங்கள்" என்றார்.

* * *

சமாதி என்று சொன்னாலே நமக்கு மெரினா கடற்கரை ஞாபகம் வரும். பௌத்தத்தில் சமாதி என்றால் மனம் ஒன்றில் கூடி நிற்பது. புத்தர் சொன்ன எட்டு அங்கப் பாதையில் எட்டாவது அங்கம் 'சம்மா சமாதி'. பாலி மொழியில் 'சம்மா' என்றால் சரியான. சரியானது என்று ஒன்று இருந்தால் தவறானது என்று ஒன்று இருக்க வேண்டுமே? இருக்கிறது. அதன் பெயர் 'மிச்சா சமாதி'. தவறான மன ஒருமை. 

நம்மில் பலருக்கு இது புதுச் செய்தி. மனம் அலைபாய்ந்தால் கெட்டது, ஒன்றில் நின்றால் நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெரிசலான பஸ்ஸில் உங்கள் பின்பாக்கெட்டில் இரண்டு விரலை நுழைக்கிறானே, அவனுக்கு அந்தக் கணம் இருக்கிற மன ஒருமை நமக்கெல்லாம் ஏழு ஜன்மத்துக்கும் வராது. மீனுக்காக நிற்கிற கொக்கைவிட அசையாமல் உட்கார்ந்த யோகி உண்டா?

பழைய பௌத்த நூல்களிலேயே இந்தக் கிண்டல் இருக்கிறது. மச்சிம நிகாயத்தில் ஒரு சூத்திரம். தியானத்தில் இருக்கிற துறவிகளைப் பார்த்துச் சிலர் கேலி செய்கிறார்கள். இவர்கள் தியானம் செய்கிற அழகு, கிளையில் உட்கார்ந்து எலிக்குக் காத்திருக்கும் ஆந்தை மாதிரி இருக்கிறது, ஆற்றங்கரையில் மீனுக்குக் காத்திருக்கும் நரி மாதிரி இருக்கிறது, பூனை மாதிரி, சுமை இறக்கிய கழுதை மாதிரி என்று வரிசையாகப் போகும். வைதவர்கள் வாயில் வந்த உவமைகள்தான். ஆனால் எனக்குக் கழுதை கச்சிதமாகப் பொருந்தியது.

அபிதம்மம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த மனத்திலும் எந்தக் கணத்திலும் ஓரளவு ஒருமை இருந்தே தீரும் என்கிறது. கெட்ட மனத்திலும் உண்டு. ஆனால் அது நிலைக்காது. தூசித் தரையில் தண்ணீர் தெளித்தால் புழுதி அடங்கும், ஈரம் காய்ந்ததும் மறுபடி கிளம்பும், அப்படித்தான் தீய மனத்தின் ஒருமை என்று உரையாசிரியர் விளக்குகிறார். என் ஆறரை மணி ஞாபகம் வந்தது. ஈரம் காய்கிற நேரம் அது.

கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து 'விசுத்திமக்கம்' என்ற மாபெரும் நூலை எழுதிய புத்தகோசர், நம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர். தியானத்துக்கு அந்த மரபின் முழுக் கையேடு அது. அதில் சமாதி என்றால் என்ன என்று அவர் கொடுக்கும் விளக்கம் மிகச் சின்னது. நல்ல மனத்தின் ஒருமை. வெறும் ஒருமை என்று அவர் விடவில்லை. 'குசல' என்ற அடைமொழியை முன்னால் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறார். பேராசை, வெறுப்பு, மயக்கம் இவை கலக்காத மனம் என்று பொருள்.

புத்தரும் எட்டாவது அங்கத்தைத் தனியாக விற்கவில்லை. சரியான பார்வை, எண்ணம், பேச்சு, செயல், பிழைப்பு, முயற்சி, விழிப்பு என்ற ஏழும் பரிவாரமாக வந்தால்தான் அந்த ஒருமைக்குச் சம்மா சமாதி என்று பெயர் என்று ஒரு சூத்திரத்தில் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். நான் முதல் ஏழையும் தாண்டிக் குதித்து நேராக எட்டாம் மாடிக்குப் போனவன். பேச்சு மூன்றாவது மாடி. அப்பாவிடம் நான் பேசிய பேச்சு உங்களுக்குத் தெரியும்.

* * *

இதில் ஆச்சரியம் என்னவென்றால், புத்தரே இந்த வழியில் போய்விட்டுத் திரும்பியவர்தான்.

வீட்டைவிட்டு வெளியேறிய சித்தார்த்தர் முதலில் ஆளார காலாமர் என்ற குருவிடம் போகிறார். 'ஒன்றுமே இல்லை' என்ற நிலையில் மனம் நிற்கிற உயர்ந்த சமாதியைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறார். குரு மகிழ்ந்துபோய், வா, இருவருமாக இந்தக் கூட்டத்தை நடத்தலாம் என்கிறார். சித்தார்த்தர் கிளம்பிவிடுகிறார். அடுத்து உத்தக ராமபுத்தர். அங்கே அதைவிட நுட்பமான நிலை. அதையும் அடைகிறார். இந்தத் தடவை தலைமைப் பதவியே கிடைக்கிறது. அங்கிருந்தும் கிளம்பிவிடுகிறார். உள்ளே இருக்கிறவரை சுகம், ஆனால் துக்கத்தின் வேர் அப்படியே இருக்கிறது என்பதுதான் காரணம். 

இந்த ஆளாரரைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது ஐந்நூறு மாட்டு வண்டிகள் உரசுகிற மாதிரி கடந்து போயினவாம். ஆடையெல்லாம் புழுதி. அவர் விழித்துத்தான் இருந்தார், ஆனால் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆகா, எனக்கு வேண்டியது இதுதானே என்று தோன்றியது. ஐந்நூறு வண்டி எங்கே, ஒரு ஜோடி செருப்பு எங்கே! ஆனால் சித்தார்த்தர் விட்டுவிட்டு வந்தது இதே ஆளாரரைத்தான். இந்தக் கதையைக் கேட்டதும் புத்தர், தாம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இடி விழுந்து இரண்டு பேரும் நான்கு மாடுகளும் செத்தபோதும் தமக்குக் கேட்கவில்லை என்று சொல்கிறார். ஆக, காது கேட்காமல் போவது தப்பு இல்லை. அதுவே லட்சியமும் இல்லை.

லட்சியம் என்று நினைத்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் இன்னும் சுவாரஸ்யம். உத்தரன் என்று ஓர் இளைஞன் வருகிறான். கண்ணால் எதையும் பார்க்காமல், காதால் எதையும் கேட்காமல் இருப்பதுதான் புலனடக்கம் என்று தன் குரு சொல்லித்தருவதாகச் சொல்கிறான். அப்படியானால் பார்வை இல்லாதவரும் காது கேளாதவரும் எப்போதோ புலனை வென்றிருக்க வேண்டுமே என்கிறார் புத்தர். பையன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

இரண்டு குருமார்களையும் விட்டபிறகு அவர் முரட்டு வழிக்குப் போகிறார். பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தாலேயே நசுக்கப் பார்க்கிறார். அக்குளில் வியர்வை வழிகிறது. உடம்பு எலும்பாகிறது. பலன் ஒன்றும் இல்லை. கடைசியில் அவருக்கு ஒரு பழைய ஞாபகம் வருகிறது. சின்ன வயதில், அப்பா தன் வேலையில் மும்முரமாக இருக்க, நாவல் மர நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தபோது மனம் தானாகக் கூடியது. ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை, ஆனால் இன்பம் இருந்தது. இதுதானோ பாதை? இந்த இன்பத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? அங்கேதான் திருப்பம். 

மனம் நசுங்கியதால் கூடவில்லை. கொடிய எண்ணம் எதுவும் இல்லாததால் கூடியது. இந்த வித்தியாசத்தை நான் கவனித்ததே இல்லை. குக்கரை நிறுத்தி, மிக்ஸியை நிறுத்தி, அப்பாவை நிறுத்தி நான் கூட்டியது, நசுக்கிக் கூட்டிய ரகம்.

புத்தர் இறந்த பிறகு, அவருடைய தம்பி முறையான ஆனந்தரிடம் மகத நாட்டு மந்திரி வஸ்ஸகாரர் பேச்சுவாக்கில், கோதமர் எல்லாவிதத் தியானத்தையும் புகழ்ந்தவர் ஆயிற்றே என்கிறார். ஆனந்தர் உடனே மறுக்கிறார். எல்லாவற்றையும் அவர் புகழவில்லை. காமத்தையோ, பகையையோ, சோம்பலையோ, பதற்றத்தையோ, சந்தேகத்தையோ மனத்தின் நடுவில் வைத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றித் தியானிக்கிறவர்கள் உண்டு, அதை அவர் புகழவில்லை என்கிறார். பாருங்கள், அதுவும் தியானம்தான். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிங்கில் சொன்ன ஒரு வார்த்தையை ராத்திரி மூன்று மணி வரை விடாமல் தியானித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

இது வீட்டோடு முடிகிற சிக்கலும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானில் ஜென் குருமார்கள் பலர், தியானத்தில் பழகிய அசையாத மனம் போர்க்களத்தில் சிப்பாய்க்கு எவ்வளவு உதவும் என்று பேசினார்கள், எழுதினார்கள். ஜென் மரபில் துறவியாகவே பயின்ற பிரையன் விக்டோரியா 1997-இல் 'ஜென் அட் வார்' என்ற புத்தகத்தில் இதையெல்லாம் தொகுத்துப் போட்டு உடைத்தார். 2001-இல், ரின்சாய் ஜென்னின் பெரிய கிளையான மியோஷின்ஜி, போருக்குத் துணைபோனதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மன ஒருமை ஒரு கருவி. குறி பார்க்கிறவனுக்கும் அது உதவும்.

* * *

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், அப்பாவிடம் கத்திய கதையைப் பிக்குவிடம் சொல்லிவிட்டேன். அதுவரை சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. 'விசுத்திமக்கத்தில் ஒரு யானைக் கதை வருகிறது, தெரியுமா?' என்று கேட்டுவிட்டுச் சொன்னார்.

பழைய இலங்கையில் மகாநாகர் என்று ஒரு மூத்த தேரர். அவரிடம் படித்த சிஷ்யர் தம்மதின்னர். சிஷ்யர் ஞானம் பெற்றுவிட்டார். ஒரு நாள், நம் குரு காரியத்தை முடித்துவிட்டாரா என்று யோசித்துப் பார்த்தவருக்கு, இல்லை என்று தெரிகிறது. குருவுக்கோ, தான் எப்போதோ முடித்துவிட்டதாக நினைப்பு. சிஷ்யர் புறப்பட்டுப் போகிறார். 

என்னப்பா திடீரென்று என்கிறார் குரு. சில சந்தேகங்கள் கேட்க வந்தேன் என்கிறார் சிஷ்யர். கேட்கிறார். எத்தனை கேட்டாலும் குரு தயங்காமல் பதில் சொல்கிறார். 

அபாரம் சுவாமி, இந்த நிலை உங்களுக்கு எப்போது கைகூடியது?

அறுபது வருஷம் ஆகிறது.

தியான சக்தியால் ஓர் யானையை உருவாக்க முடியுமா?

அதென்ன பிரமாதம்? குரு ஒரு வெள்ளை யானையை உருவாக்கி நிறுத்துகிறார்.

இப்போது அந்த யானை காதை விரித்து, வாலை நீட்டி, தும்பிக்கையை வாயில் வைத்துப் பயங்கரமாகப் பிளிறிக்கொண்டு உங்களை நோக்கி ஓடி வரட்டும் என்கிறார் சிஷ்யர். 

குரு அப்படியே செய்கிறார். யானை வருகிறது. அவரே செய்த யானை. அதன் கோலத்தைப் பார்த்ததும் குரு எழுந்து ஓடப் பார்க்கிறார். சிஷ்யர் கையை நீட்டி அவர் ஆடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். எல்லாம் அற்றுப்போனவருக்குப் பயம் வருமா, சுவாமி?

அறுபது வருஷம்! அவர் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். சமாதியின் பலத்தில் கோபமும் பயமும் அத்தனை காலம் அடங்கிக் கிடந்தன. அடங்கியதை அற்றுப்போனதாக எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் பிழை. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. யாரிடம் பேசுகிறாய் என்று சீறவில்லை. தான் சொல்லிக்கொடுத்து வளர்த்த சிஷ்யரின் காலடியில் உட்கார்ந்து, எனக்கு உதவு என்கிறார். அதற்காகத்தானே வந்தேன், கவலைப்படாதீர்கள் என்கிறார் சிஷ்யர். அவர் சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஏறியவர், மூன்றாவது அடி வைக்கும்போது ஞானம் பெற்றார் என்று கதை முடிகிறது. அவர் இயல்பிலேயே கோபக்காரராம். புத்தகோசர் அதையும் ஒரு வரி எழுதிவைத்திருக்கிறார்.

கதையை முடித்துவிட்டுப் பிக்கு சொன்னார்: "உங்கள் வீட்டு யானை தினமும் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து பேப்பர் வந்ததா என்று கேட்கிறது. நீங்கள் அதைத் தொந்தரவு என்று நினைத்தீர்கள். அது பரீட்சை எழுத வைக்க வந்த யானை."

* * *

சரி, எது சரியான சமாதி, எது தவறான சமாதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாய்லாந்தின் உபோன் மாகாணத்தில் வாட் நோங் பா போங் என்ற காட்டு மடத்தை நிறுவிய அஜான் சா (1918–1992) இதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மனம் அமைதிக்குள் போய், எங்கே இருக்கிறோம் என்ற அறிவே இல்லாமல் கிடந்தால் அது தவறான சமாதி. அமைதி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கூடவே விழிப்பு இருந்தால் அது சரியானது. முதல் வகை, நன்றாகத் தீட்டிய கத்தியை எதற்கும் பயன்படுத்தாமல் வைத்திருப்பது போல என்றார்.

பிக்கு எனக்கு மூன்று சின்னக் கேள்விகள் எழுதிக் கொடுத்தார். உட்கார்ந்திருக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிகிறதா? அந்த அமைதி கலைந்தால், கலைத்தவர் மேல் வெறுப்பு வருகிறதா? எழுந்த பிறகு பத்து நிமிஷம், நீங்கள் பேசுகிற விதம் எப்படி இருக்கிறது? மூன்றாவதுக்கு மட்டும் வீட்டில் கேட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்றார்.

முயற்சியைக் கைவிடவும் அவர் சொல்லவில்லை. சோணர் என்ற பிக்கு, நடந்து நடந்து பாதம் கிழிந்து ரத்தம் வர, இது நமக்கு ஆகாது, வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்தபோது புத்தர் அவரிடம் வீணையைப் பற்றிக் கேட்டாராம். சோணர் நன்றாக வீணை வாசிக்கிறவர். தந்தி முறுக்காக இருந்தாலும் நாதம் இல்லை, தொய்ந்திருந்தாலும் இல்லை. உட்காருவதை விடாதீர்கள், முறுக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்றுதான் என்னிடமும் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் போனேன். "அப்பா, காலையில நீங்க செருப்புப் போட்டுக்கிட்டே நடங்க. பேப்பர் வேணும்னா என்னைக் கேளுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நான் எப்பவும் அப்படித்தானேடா நடக்கிறேன்" என்றார். மறந்துதான் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

இப்போதும் ஐந்தரைக்கு உட்காருகிறேன். அறைக் கதவைச் சாத்துவதில்லை. குக்கர் கூவுகிறது. கூவட்டும். ஆனால் செருப்புச் சத்தம் மட்டும் உடனே திரும்பவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் அவர் வெறுங்காலோடுதான் நடந்தார். தலையால் மறந்தது காலுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த நாட்களில் கண்ணை மூடியபடி நான் காத்திருந்தது மூச்சுக்காக இல்லை, அந்த 'டப் டப்'புக்காக. ஒரு நாள் கேட்டது. ஹாலைத் தாண்டி வந்து கதவருகில் நின்றது.

"பேப்பர் வந்துடுச்சாடா?"

"இன்னும் இல்லைப்பா. வந்ததும் எடுத்துத் தர்றேன்."

ஐந்து நிமிஷத்தில் மறுபடி. மறுபடி. மூன்றாவது தடவை நெஞ்சில் ஒரு சூடு ஏறுகிறது. ஏறுவது தெரிகிறது. அது தெரிகிற நாளில் குரல் சரியாக வந்துவிடுகிறது. பத்து நாளில் ஆறு நாள் அப்படி. மீதி நாலு நாள் யானைதான் ஜெயிக்கிறது.

போன வாரம் மனைவியிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள். அன்றைக்கும் கீரைதான் ஆய்ந்துகொண்டிருந்தாள்.